நீர் ஊற்றாத மாதங்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



கடைவாசலில் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் தமிழகத்து ஊர்களில் இன்றும் உண்டு. கண்ணேறு கழிய வேண்டும் என்பது கட்டியவரின் நோக்கம். அதன் வேரில் மண் இல்லை. யாரும் அதற்கு நீர் தெளிப்பதில்லை. தெருப்புழுதியும் ஊதுவத்திப் புகையும் அதன்மேல் படிகின்றன. ஆயினும் அது மாதக்கணக்கில் உயிரோடிருக்கிறது. தலைகீழாய்த் தொங்கியபடியே தன் இலை நுனிகளை மெல்ல வானோக்கி வளைத்துக்கொள்கிறது. கடைக்காரரைச் செடி வளர்ப்பவர் என்று ஒருவரும் சொல்லார். ஆனால், சதைப்பற்றுள்ள செடிகளை வீட்டில் வளர்க்க விரும்புவோர் பல ஆண்டுகள் பிழை செய்து கற்கும் பாடத்தை அவர் அறியாமலே கடைப்பிடிக்கிறார். அதனைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுகிறார்.

கள்ளிச் செடி வளர்ப்பையும், மேலைநாட்டார் ‘சைக்கடெலிக் ஃபோக்’ என்று பெயரிட்டழைக்கும் நாட்டார் வழிப் புதிய இசையையும் ஒரே உரையில் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். சன்னல் விளிம்பில் சிறு தொட்டிகளை அடுக்கி, அவற்றின் அருகே அமர்ந்து 1960களின் இறுதியில் வெளிவந்த இசைத்தட்டுகளைக் கேட்கும் பழக்கம் உடையவர்கள் அந்நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டையும் ஒன்றாகவே கொண்டாடுவதற்குப் பொழுதுபோக்கு என்பதைக் கடந்த காரணம் ஒன்று உண்டு. அது கவிஞர்களுக்கும் பயன்படுவது.

தமிழ் பயின்றவர்க்குக் கள்ளி என்றவுடன் நினைவில் எழுவது பாலை நிலம். குறுந்தொகையின் 174ஆம் பாடலில் மழை துறந்த வழியில் கள்ளிக்காய் வெடிக்கும் ஓசை கேட்டு இணைப்புறாக்கள் வெருண்டு நீங்குகின்றன. பிரியப்போகும் தலைவனுக்கும் தலைவிக்கும் அதைவிடக் கூரிய குறிப்பு வேறு என்ன வேண்டும்? புறநானூற்றுச் சுடுகாடுகளிலும் கள்ளி நிற்கிறது. பிரிவின் நிலத்திலும் சாவின் நிலத்திலும் வைத்துப் பாடப்பட்ட செடியை வீட்டுக்குள் கொண்டுவரத் தமிழர் மனம் தயங்கியது இயல்பே. முட்செடி வீட்டுக்கு ஆகாது என்னும் பேச்சு இன்னும் ஓயவில்லை.

ஆனால், அந்தக் கள்ளி வேறு. மேலைநாட்டார் சன்னலில் வைத்து வளர்க்கும் கள்ளிகளிற் பெரும்பாலானவை வேறு. சங்கப் புலவர் கண்டது கீறினால் வெண்பால் வடியும் கள்ளி. சதுரக்கள்ளியும் இலைக்கள்ளியும் திருகுகள்ளியும் அந்தக் குடும்பத்தன. ‘கேக்டஸ்’ எனப்படும் குடும்பமோ அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. இன்று தமிழகத்து வேலியோரங்களில் காணும் சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்து வந்து சேர்ந்ததே. அக்குடும்பத்தில் ஒரே ஓர் இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் தானாக வளர்கிறது. மரக்கிளைகளிலிருந்து கயிறு போலத் தொங்கும் அதனைப் பார்ப்பவர் கள்ளி என்றே எண்ணமாட்டார். கேக்டஸ் குடும்பத்தை அடையாளம் காணப் பாலைத் தேட வேண்டியதில்லை. முள் கிளம்பும் இடத்தில் பஞ்சு போன்ற சிறு திண்டு ஒன்று இருக்கும். அக்குடும்பத்துக்கு மட்டுமே உரிய உறுப்பு அது. ஒரு குடும்பம் கிழக்கிலும் மற்றொரு குடும்பம் மேற்கிலுமாகத் தனித்தனியே வறட்சியைச் சந்தித்து, இலையைத் துறந்து, தண்டைத் தடிக்கச் செய்து, ஏறக்குறைய ஒரே வடிவத்தை அடைந்திருக்கின்றன. தொடர்பே இல்லாத இரு மொழிகளில் ஒரே துயரத்திலிருந்து ஒரே யாப்புப் பிறந்ததைப் போன்றது இது.

தமிழகத்தில் கள்ளியை வீட்டுக்கு ஆகாதது என ஒதுக்குவோர் பலரும் ஒரு கேக்டஸை அறியாமலே கொண்டாடுகிறார்கள். நிஷாகந்தி என்றும் பிரம்ம கமலம் என்றும் வழங்கப்படும் செடி மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் தந்த கேக்டஸ்தான். இரவில் அது மலரும்போது அண்டை வீட்டாரை அழைத்துக் காட்டுவதும், விளக்கேற்றி வணங்குவதும், விடியலில் அது துவண்டு தொங்குவது கண்டு வருந்துவதும் பல வீடுகளில் நடப்பவை.

இனி, இசைக்கும் கள்ளிக்கும் உள்ள பெயர்த் தொடர்பு. ‘சைக்கடெலிக்’ என்னும் சொல் கிரேக்க வேர்களிலிருந்து உண்டாக்கப்பட்டது. உள்ளத்தை வெளிப்படுத்துவது என்பது அதன் பொருள். ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்னும் மனநல மருத்துவர் 1956ஆம் ஆண்டில் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியுடன் நடத்திய கடிதப் போக்குவரத்தில் அதனைப் படைத்தார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர் ஆஸ்மண்டின் மேற்பார்வையில் ஹக்ஸ்லி உட்கொண்ட மெஸ்கலின் என்னும் பொருள், பெயோட்டி என்னும் சிறு கள்ளியிலிருந்து 1897இல் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. ஆக, ஒரு காலத்தின் இசைக்கும் ஓவியத்துக்கும் உடைக்கும் பெயராக அமைந்த சொல்லின் அடியில் இருப்பது முள்ளில்லாத, சாம்பற்பச்சை நிறமுள்ள, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கேக்டஸ். அச்சொல் பாட்டில் முதலில் ஏறியதும் மின்கிட்டார் முழங்கும் குழுவில் அன்று. 1964இல் ஹோலி மோடல் ரவுண்டர்ஸ் என்னும் அமெரிக்க நாட்டார் இசை இணையர் பதித்த பழம்பாட்டு ஒன்றில்தான். மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் உள்ள தொல்குடியினர்க்குப் பெயோட்டி வழிபாட்டுக்குரியது. மிகையாக அகழ்ந்தெடுக்கப்பட்டு இன்று தன் நிலத்திலேயே அது அருகிவருகிறது. இவ்விசையைக் கேட்டு மகிழ அப்பொருள் எதுவும் வேண்டுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுவது முறை.

இசையைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். ஆங்கில, ஸ்காட்லாந்து நாட்டார் பாடல்களை அடியாகக் கொண்டு, அவற்றுக்குள் கீழைநாட்டு நரம்புக் கருவிகளையும் நீண்ட சுருதியையும் கனவு போன்ற சொல்லமைப்பையும் நுழைத்தது இவ்விசை. கிட்டார்க் கலைஞர் டேவி கிரஹாம் 1960களின் தொடக்கத்தில் மொராக்கோவின் ஊத் வாசிப்பாளர்களோடு சேர்ந்து இசைக்கும்பொருட்டுத் தம் கருவியின் நரம்புகளை வேறு முறையில் சுருதி கூட்டினார். அம்முறையில் சில நரம்புகள் மெட்டு எதுவாயினும் அடியில் ஒலித்துக்கொண்டே இருக்கும். தம்புராவோடு வளர்ந்த செவிகளுக்கு இது புதிதன்று. மேலைச் செவிகளுக்குப் பெரும்புதுமை. ராபின் வில்லியம்சன், மைக் ஹெரன் ஆகிய இருவரை நடுவாகக் கொண்ட இன்கிரெடிபிள் ஸ்டிரிங் பேண்ட் குழு 1968இல் வெளியிட்ட ‘தி ஹேங்மன்ஸ் பியூட்டிஃபுல் டாட்டர்’ என்னும் இசைத்தட்டில் ஒரு பாட்டு ஏறக்குறைய 13 நிமிடம் ஓடுகிறது. மூன்று நிமிடப் பாட்டுக்குப் பழகிய வானொலிக் காலத்தில் அத்தட்டு பிரிட்டன் விற்பனை வரிசையில் 5ஆம் இடம் வரை ஏறியது. இன்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

இவ்விசை அவசரப்படுவதில்லை. ஒரு சுருதியின் மேல் நெடுநேரம் நிற்கிறது. ஒன்றும் நிகழவில்லை என்று கேட்பவர் சலிக்கும் தறுவாயில் சிறிதாக ஒன்று நிகழ்கிறது. கள்ளியும் அவ்வாறே. அரிசோனாவின் சகுவாரோக் கள்ளி முதற்கிளை விடுவதற்கு 50 ஆண்டுகளுக்கு மேலாகும். தொட்டியில் வளரும் சிறு கள்ளி ஓராண்டில் ஒரு விரற்கடை உயர்ந்தால் வளர்ப்பவர் மகிழ்கிறார்.

இரண்டுக்கும் இரவோடு உறவு உண்டு. இதனைக் கண்டறிந்த வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும் ஒரு பங்கு இருப்பதைப் பலர் அறியார். மொரேவியச் சமயப் பணியாளராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்க் கும்பெனியாரிடம் தாவரவியலாளராகப் பணியாற்றி, 1819இல் சென்னையில் மறைந்தவர் பெஞ்சமின் ஹெய்ன் என்னும் ஜெர்மானியர். அவர் இந்தியாவில் தம் தோட்டத்தில் இருந்த செடியொன்றின் இலையை வெவ்வேறு பொழுதுகளில் மென்று பார்த்தார். காலையில் புளித்தது, நண்பகலில் சுவையற்றிருந்தது, மாலையில் சற்றுக் கசந்தது. இச்செய்தியை இலண்டன் லின்னேயன் கழகத்துக்கு அவர் எழுதினார். 1815இல் அது அச்சேறியது. அவர் மென்ற செடிதான் இரணகள்ளி. இலை விளிம்பிலிருந்து குட்டிச் செடிகள் முளைப்பதால் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று சிறுவர்கள் நூலில் கட்டி விளையாடும் அதே செடி.

புளிப்பின் காரணம் பின்னாளில் தெளிவாயிற்று. பிற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன; அவ்வேளை நீரும் ஆவியாய்ப் போய்விடுகிறது. வறண்ட நிலத்துச் சதைப்பற்றுச் செடிகளிற் பல பகலெல்லாம் துளைகளை மூடிக்கொள்கின்றன. இருள் கவிந்து காற்றுக் குளிர்ந்த பிறகே அவற்றைத் திறந்து, ஏற்ற வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி உள்ளே சேமிக்கின்றன. விடிந்ததும் கதவை அடைத்துவிட்டு, சேமித்ததை எடுத்து ஒளியின் துணையால் உணவு சமைக்கின்றன. ஆகவே, இரவில் விளக்கைத் தணித்துக்கொண்டு ஒருவர் அமைதியாகப் பாட்டுக் கேட்கும் நேரம், அவர் சன்னலில் இருக்கும் கள்ளி மூச்சு வாங்கும் நேரமாகவும் அமைந்துவிடுகிறது.

அந்தப் பாட்டு அந்தச் செடிக்கு நன்மை செய்கிறதா என்ற கேள்வி இங்கே எழும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைத் தலைவராக இருந்த டி.சி.என். சிங் 1950களில் தொடங்கிச் செடிகளுக்குக் கருநாடக இசையை ஒலிக்கச் செய்து ஆய்ந்தார். இசை கேட்டவை செழித்தன என்றார். 1973இல் வெளிவந்த ‘தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பிளான்ட்ஸ்’ என்னும் நூல் அவர் ஆய்வை உலகெங்கும் பரப்பியது. அந்த ஆர்வத்தின் அலையில், லாஸ் ஏஞ்சலிஸில் செடிக்கடை ஒன்றில் செடி வாங்குவோர்க்குத் தருவதற்கென்றே 1976இல் மார்ட் கார்சன் என்னும் இசையமைப்பாளர் ஓர் இசைத்தட்டு உருவாக்கினார். அது 2019இல் மீண்டும் வெளியிடப்பட்டுப் புதிய தலைமுறையினரைக் கவர்ந்தது. இவை இனிய செய்திகளே. ஆயினும், கட்டுப்பாடான சோதனைகளில் இக்கூற்று உறுதிப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கள்ளிக்குச் செவி இல்லை. இசை வேண்டுவது வளர்ப்பவருக்கு. அவர் கை சும்மா இருக்க வேண்டும். நாற்பது நிமிடம் ஒரு தட்டைக் கேட்டு அமர்ந்திருப்பவர் அந்த நாற்பது நிமிடமும் நீர்ச்செம்பைத் தொடுவதில்லை. அந்த அளவில் கள்ளிக்கு இசையால் நன்மை உண்டு.

வீட்டில் மாண்டுபோகும் கள்ளிகளில் பெரும்பாலானவை வறட்சியால் மாள்வதில்லை, அன்பால் மாள்கின்றன. வேருக்கு நீர் எவ்வளவு தேவையோ காற்றும் அவ்வளவு தேவை. மண் எந்நேரமும் ஈரமாக இருந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அதனால் அனுபவசாலிகள் அடியில் துளையுள்ள மண்தொட்டியை விரும்புகிறார்கள். தோட்டமண்ணோடு பருமணல், சிறுகல், செங்கல் தூள் கலந்து நீர் தங்காதபடி செய்கிறார்கள். ஊற்றும்போது அடித்துளையில் வழியும்வரை ஊற்றுவார்கள். பிறகு மண் முழுவதும் காயும்வரை தொடமாட்டார்கள். நாள்தோறும் சிறிது தெளிப்பதே தொடக்கநிலையினர் செய்யும் பெரும்பிழை.

பிரிட்டன் போன்ற குளிர்நாட்டில் இதற்கு மேலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அக்டோபர் அல்லது நவம்பரில் தொடங்கி மார்ச்சு வரை பெரும்பாலான கேக்டஸ்களுக்கு அங்குள்ளோர் நீரே ஊற்றுவதில்லை. உறைபனி தாக்காத, ஆனால் குளிர்ந்த இடத்தில் அவற்றை விட்டுவைப்பார்கள். ஒளி குன்றிய அம்மாதங்களில் வெப்பமும் நீரும் கொடுத்தால் செடி வெளிறி, மெலிந்து, தன் வடிவம் இழந்து நீளும். பின்னர் எக்காலத்திலும் அந்தக் கோணல் நேராகாது. கொடாமல் விட்டால் அது சுருங்கும், நிறம் மங்கும், சில இனங்கள் மண்ணுக்குள் பாதி இழுத்துக்கொள்ளும். பார்ப்பவர்க்கு அது செத்தது போலவே இருக்கும். ரெபூட்டியாவும் மாமில்லேரியாவில் பலவும் இந்தக் குளிர்ந்த வறண்ட ஓய்வைப் பெற்றால்தான் வேனிலில் நன்கு அரும்பு கட்டும். வீட்டின் வெதுவெதுப்பில் வைத்து ஆண்டு முழுதும் நீரூற்றியவர், தம் செடி ஏன் பூப்பதில்லை என்று வியந்துகொண்டிருப்பார்.

தென்னாப்பிரிக்காவின் கூழாங்கல் செடி இன்னும் நுட்பமானது. 1811இல் வில்லியம் பர்ச்செல் என்னும் பயணி வினோதமான கல் என்று எண்ணியே அதனைக் கையில் எடுத்தார். ஆண்டுதோறும் பழைய இலைச்சோடியின் நடுவே புதுச்சோடி தோன்றும். பழையது தன் நீரையெல்லாம் புதியதற்கு வழங்கிவிட்டுத் தாள் போல உலரும். அது உலர்ந்துகொண்டிருக்கும்போது பரிவு கொண்டு யாரேனும் நீரூற்றினால், பழையது மறுபடி பருத்துப் புதியதை நெரிக்கும். தமிழகத்துச் சூழலில் இந்தக் கணக்கு வேறுபடும். அங்கே அச்சம் தருவது குளிர் அன்று, ஐப்பசி கார்த்திகை அடைமழை. தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் எடுத்துவைக்க வேண்டியிருக்கும். மார்கழிப் பனியில் அடீனியம் இலை உதிர்ப்பது கண்டு பதறி நீரைக் கூட்டியவர் பலர், தையில் அதன் பருத்த அடியை அழுத்தும்போது விரல் உள்ளே புதைவதை உணர்ந்திருப்பர்.

அவையோர் இதுவரை பொறுமை காத்தமைக்குக் கைம்மாறாக, இனி மூன்று பெண்களின் கதை.

வாஷ்டி பன்யன் 1945இல் பிறந்தவர். 1965இல் இலண்டனில் ஒரு பாட்டுப் பதித்தார், அது எடுபடவில்லை. 1968இல் தம் துணைவரோடு குதிரை வண்டியில் ஏறி, ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவை நோக்கிப் புறப்பட்டார். பாடகர் டானவன் அங்கே கலைஞர்களுக்கென ஒரு குடியிருப்பு அமைக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். வண்டியின் வேகத்தில் வழியிலேயே பருவங்கள் மாறின. வழியிலேயே பாட்டுகள் பிறந்தன. அவற்றை ஜோ பாய்ட் பதிவு செய்து, 1970இல் ‘ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே’ என்னும் தட்டாக வெளிவரச் செய்தார். வாங்கியவர் மிகச் சிலர். பன்யன் பாடுவதை விட்டார், பிள்ளைகளை வளர்த்தார், முப்பதாண்டுகள் கழிந்தன. அதற்கிடையே அந்தத் தட்டின் அரிய படிகள் அவர் அறியாமலே கைமாறிக்கொண்டிருந்தன. 2000இல் அது மறுபடி வெளியாயிற்று. 2004இல் தெவேந்திர பான்ஹார்ட் என்னும் இளைய பாடகரின் தொகுப்பில் அவர் சேர்ந்து பாடினார். 2005இல், முதல் தொகுப்பு வந்து 35 ஆண்டுகள் கழித்து, அவருடைய இரண்டாம் தொகுப்பு வந்தது. அதன் பெயர் ‘லுக்காஃப்டரிங்’. பேணிக் காத்தல் என்று பொருள்படுமாறு ஆக்கிக்கொண்ட சொல் அது.

லிண்டா பெர்ஹாக்ஸ் கலிபோர்னியாவில் பல் மருத்துவமனையில் பற்களைத் தூய்மை செய்யும் பணியில் இருந்தவர். அங்கே வந்த இசையமைப்பாளர் லெனர்ட் ரோசன்மன் அவர் பாட்டுகளைக் கேட்டு வியந்தார். 1970இல் ‘பேரலலோகிராம்ஸ்’ வெளிவந்தது. தட்டில் அச்சான ஒலி தாம் ஆக்கிய ஒலியாக இல்லை என்று கண்ட பெர்ஹாக்ஸ் அதனைத் தூக்கி எறிந்தார். பல் பணிக்கே திரும்பினார். அடுத்த தொகுப்பு 2014இல் வந்தது. இடையே 44 ஆண்டுகள்.

மூன்றாமவர் கதை இவற்றினும் கடுமையானது. 1935இல் பிறந்த ஷெர்லி காலின்ஸ் ஆங்கில நாட்டார் பாடலின் தலையாய குரல்களில் ஒன்று. தமக்கை டாலி சிறிய குழல் ஆர்கனை இசைக்க, அவர் அலங்காரமின்றிப் பாடுவார். அவர் வெளியிட்ட ஒரு தட்டில் வில்லியம்சனும் ஹெரனும் உடன் இசைத்தனர். 1969இல் ‘ஆந்தெம்ஸ் இன் ஈடன்’ வந்தது. 1970களின் இறுதியில் மணவாழ்க்கை முறிந்த வேளையில் அவர் குரல் போயிற்று. தொண்டையில் காயமில்லை, மேடையில் நின்றால் ஒலி எழவில்லை. மருத்துவர் அதற்கு ‘டிஸ்ஃபோனியா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1978இல் வந்த தொகுப்போடு பாட்டு நின்றது. பாட்டுக்குத் தொடர்பற்ற வேலைகளைச் செய்தார். டாலி 1995இல் மறைந்தார். டேவிட் திபெட் என்னும் இசைக்கலைஞர் மட்டும் பாட வருமாறு பல ஆண்டுகள் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். 2014இல் இலண்டன் யூனியன் சேப்பல் மேடையில் காலின்ஸ் இரண்டு பாடல்களைப் பாடினார். 2016இல் ‘லோட்ஸ்டார்’ வெளிவந்தது; அப்போது அவர் அகவை 81. பதிவு அரங்குக்குப் போகவில்லை. லூயிஸ் என்னும் ஊரில் தம் வீட்டிலேயே பாடினார். அதன் பின்னர் 2020இலும் 2023இலும் மேலும் இரு தொகுப்புகள் வந்தன.

கள்ளி வளர்ப்பவர்க்கு இந்தக் கதைகள் அதிசயமாகப் படுவதில்லை. அவர்கள் ஆண்டுதோறும் காண்பது இதுவே. நவம்பரில் சுருங்கியது ஏப்பிரலில் அரும்பு கட்டுகிறது. ஆனால் உவமையை அளவுக்கு மீறி இழுப்பது நேர்மையாகாது. சுருங்கிய எல்லாச் செடியும் விழிப்பதில்லை. நிக் டிரேக் மூன்று தொகுப்புகள் தந்து, கேட்பாரின்றி, 1974இல் தம் 26ஆம் அகவையில் மறைந்தார். உலகம் அவரைக் கண்டுகொண்டது பின்னர்தான்; அந்தப் புகழ் அவருக்கு எவ்வகையிலும் பயன்படவில்லை. அவர் மௌனத்தை ஓய்வு என்று சொல்ல எவர்க்கும் உரிமை இல்லை.

ஓய்வையும் சாவையும் எப்படி வேறுபடுத்தி அறிவது? செடியில் வழி உண்டு. சுருக்கம் விழுந்தும் உடல் உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது, காத்திருக்கலாம். பார்வைக்குப் பருத்து மினுமினுத்தும் அடி பழுத்துக் குழைந்திருந்தால், அழுகல் மேலேறுகிறது. அன்றைக்கே கத்தியை எடுத்து, பழுப்பு நிறம் மறைந்து பசுமை தெரியும்வரை அடியிலிருந்து அரிந்து தள்ளி, மிஞ்சியதை நிழலில் சில வாரம் உலரவிட்டு, மறுபடி வேர்பிடிக்க வைக்க வேண்டும். வாடியது நலமாகவும் தளதளத்தது நோயாகவும் இருக்கக் கூடும் என்பதைப் புதியவர்கள் நம்பமாட்டார்கள்.

கவிஞரிடத்தில் இந்தச் சோதனை எளிதன்று. பத்தாண்டு கண்ட எந்த வட்டத்திலும், முதற்கூட்டங்களில் கவிதை படித்து அவையை உலுக்கிவிட்டுப் பின்னர்ப் பேனாவை மூடிக்கொண்டவர் சிலர் இருப்பர். அவர்களைக் கண்டவுடன் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: ஏன் எழுதுவதில்லை? அன்பினால்தான் கேட்கிறார்கள். விழா மலருக்கு ஒரு கவிதை என்றும், கவியரங்கில் ஒரு தலைப்பு என்றும், நாள் குறித்து நினைவூட்டுக் கடிதம் என்றும் அந்த அன்பு தொடர்கிறது. குளிர்காலத்து நீர் என்பது இதுதான். ஒளியில்லாத மாதத்தில் ஊற்றிய நீரால் நீண்ட வெளிறிய தண்டு போன்ற கவிதைகளையும் மலர்களில் காணாதவர் யார்? எழுதியவர்க்கே அவை பிறகு நாணம் தருகின்றன. மறுபக்கம், அரங்குதோறும் தவறாமல் தோன்றி, பருத்து மினுமினுத்து, அடியில் குழைந்துபோன எழுத்தும் உண்டு. அதனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அப்படியாயின் கேட்காமலே விட்டுவிடுவதா? கதைகள் அவ்வாறும் சொல்லவில்லை. பன்யனின் தட்டு தானாக மீளவில்லை. முகமறியாத சிலர் அதனைத் தேய்த்துத் துடைத்துக் கேட்டு வந்தார்கள். காலின்ஸை ஒருவர் பல்லாண்டு அழைத்தார். நீர் நிறுத்தப்பட்ட கள்ளியையும் இருட்டறையில் போட்டு மறப்பதில்லை. ஒளி படும் இடத்தில் வைக்கிறார்கள். மாவுப்பூச்சி அண்டுகிறதா என்று வாரந்தோறும் குனிந்து பார்க்கிறார்கள். பெயர்ச்சீட்டு அழியாமல் எழுதிவைக்கிறார்கள். தொட்டியில் எழுதிய பெயரும் சன்னலில் விட்டுவைத்த இடமும் நீரினும் வேறானவை. எழுதாத கவிஞர் கூட்டத்துக்கு வந்து, பிறர் கவிதையைக் கேட்டு, காப்பி குடித்து, எதுவும் கேட்கப்படாமல் வீடு திரும்ப முடியுமா என்பதே ஒரு வட்டத்துக்கான சோதனை. நாற்காலி ஒன்று அவர்க்காக இருக்கிறது என்று அவர் அறிந்தால் போதும். எப்போது ஊற்றுவது என்பதைச் செடிதான் சொல்லும்: உச்சியில் புதுப் பசுமை ஒரு கடுகளவு தெரியும். அப்போதும் முதல்முறை சிறிதே ஊற்ற வேண்டும். ஓய்வில் நுண்வேர்கள் உலர்ந்திருக்கும், முழுநீரை அவை தாங்கா.

பல ஆண்டு வளர்ந்த தூண் போன்ற கள்ளியை உற்றுநோக்கினால் அதன் உடலில் இடையிடையே சிறு ஒடுக்கங்கள் தெரியும். ஓய்வுக் காலம் முடிந்து வளர்ச்சி மீளத் தொடங்கிய இடங்கள் அவை. ஒடுக்கத்துக்கு மேலுள்ள பகுதி கீழுள்ளதன் பருமனில் இராது. முள்ளின் நிறமும் சற்று வேறுபடும். காலின்ஸின் ‘லோட்ஸ்டார்’ குரலும் அத்தகையது. 1969இன் இளங்குரலைத் தேடி அதனைக் கேட்போர் முதலில் திகைக்கிறார்கள். குரல் தாழ்ந்திருக்கிறது, மூச்சு குறைந்திருக்கிறது, சொற்களின் ஓரம் கரகரக்கிறது. கொலையையும் இழப்பையும் சொல்லும் பழைய கதைப்பாடல்களை முன்னைக்காட்டிலும் நெருங்கி நின்று அது சொல்கிறது. வளர்ப்பவர்கள் அந்த ஒடுக்கத்தைக் குறையென்று வெட்டுவதில்லை. விருந்தினர் வரும்போது தொட்டியைத் திருப்பி, இது இன்ன ஆண்டு, இது இன்ன ஆண்டு என்று விரல்வைத்துக் காட்டுகிறார்கள்.